பூனை நட்சத்திரக்காரி

சரண்யாதேவிக்கு எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் புரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான்.

கோரிப்பாளையம் சிக்னலுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து நாங்கள் கேம் செய்கிறோம். மிருகங்களை மோதவிட்டு செல்போனில் ஆடுகிற கேம். ஸ்ரீனிவாஸ் அண்ணன் முதலாளி. புரோகிராம் எழுத இரண்டு பேர் இருக்கிறார்கள். மிருகங்களை வரைகிறவள் நான், முத்துமீனா. எந்த மிருகம் எந்த மிருகத்தை எவ்வளவு அடிக்கும் என்று முடிவு செய்கிறவள் சரண்யாதேவி.

கேட்பதற்குச் சின்னப்பிள்ளை வேலை மாதிரிதான் இருக்கும். நெருப்பு இனம் மர இனத்தை அடித்தால் இரண்டு மடங்கு வலிக்கும், தண்ணீர் இனத்தை அடித்தால் பாதிதான் வலிக்கும். இப்படி ஒவ்வொன்றுக்கும் எதிரே மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு பெரிய கட்டம். அதில் ஓர் எண்ணைத் தொட்டால் வேறெங்கோ ஒன்று சாய்ந்துவிடும். இரும்பு இனம் ரொம்ப ஆடுகிறது என்று அதைத் தட்டி வைத்தால், அடுத்த வாரம் ஆடுகிறவர்கள் எல்லாரும் களிமண்ணையே எடுப்பார்கள். இவள் தலையில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் வருவாள்.

"மீனாக்கா, களிமண்ணு பக்கமே நான் போகல. அது ஏன் ஜெயிக்குது?"

"எங்கிட்டக் கேட்டா? நான் அதுக்கு மூக்கு வரஞ்சேன். அம்புட்டுத்தான்."

அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எந்தச் சண்டையும் ஆரம்பிக்கும் முன்பே முடிந்திருக்கக் கூடாது. எவ்வளவு நோஞ்சானாக இருந்தாலும் ஜெயிக்க ஒரு வழி வேண்டும். அந்த வழி கிடைக்கும்வரை சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டாள். அவளுடைய டிபன் பாக்ஸை நான் திறந்து வைத்துத் திட்ட வேண்டும்.

திருவாதவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். அவளுடைய தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பா சின்னான்தான் முதன்முதலில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி நெல் போட்டவர். மகள் கணக்குப் படித்தாள். படித்துவிட்டு மிருகங்களை மோதவிடுகிறாள் என்பதை ஊரில் எப்படிச் சொல்வது என்று அம்மா ஒச்சாயிக்கு இன்றுவரை தெரியவில்லை. "கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுறா" என்று சொல்லி வைத்திருக்கிறாராம். பொய் என்றும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து பேரை வரவழைத்து, பிரியாணி வாங்கிக் கொடுத்து, கேமை ஆடச் சொல்வோம். எங்கே உதைக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். அப்படி வந்தவர்தான் சித்தார்த். கப்பலூரில் ரப்பர் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் சரக்கைச் சோதிக்கிற வேலை. மற்றவர்கள் புலியைப் பிடித்துக்கொண்டு குதிக்கும்போது இவர் மட்டும் தோற்கிற மிருகமாகப் பார்த்து எடுப்பார்.

"ஜெயிக்கிறத எல்லாரும் பாக்குறாக. தோக்குறத ஒருத்தராச்சும் பாக்கணும்ல" என்றார் ஒருநாள். சரண்யாதேவி சிரித்தாள். கட்டத்தைப் பார்க்காமல் அவள் ஒரு மனிதரைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். எங்கள் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியத்தான் மாதக்கணக்கானது.

இரண்டு வீட்டாரும் ஒரே சாதி ஆட்கள். வேறு தடை இல்லை. சித்தார்த்தின் அம்மா தமிழ்ச்செல்வி திருவாதவூருக்கு வந்தார், சாப்பிட்டார், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று தலையில் பூவும் வைத்துவிட்டு, ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரமே போன் வந்தது. பொருந்தவில்லையாம்.

அடுத்த நாள் இவள் ஆபீசுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. பையைக்கூட வைக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மீனாக்கா, நான் பூனையாம். அவரு எலியாம்."

கல்யாணப் பொருத்தம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் உண்டு. பெண்ணின் மிருகமும் மாப்பிள்ளையின் மிருகமும் பகையாக இருந்தால் யோனிப் பொருத்தம் இல்லை என்பார்கள். இவள் புனர்பூசம், பெண் பூனை. அவர் மகம், ஆண் எலி.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவளோ பேப்பரை எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்துவிட்டாள்.

"மொத்தம் பதினாலு மிருகங்க்கா. ஒன்னொன்னுக்கும் ஒரே ஒரு பகை. பூனைக்கு எலி, பசுவுக்குப் புலி, அது சரி. குதிரைக்கும் எருமைக்கும் என்னாத்துக்குப் பகை? எது எதை அடிக்கும்? அடி யாருக்கு விழும்னே இதுல இல்லையே?"

"ஏண்டி, கல்யாணம் நின்னு போச்சுன்னு அழுவியா, கட்டம் சரியில்லங்குற?"

"அழுகதான் வருது. அழுதா புரியுமாக்கா?"

நான் அவள் தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

ஸ்ரீனிவாஸ் அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே டீ குடித்தவர், டம்ளரைக் கீழே வைத்தார். அவர் குடும்பத்தில் ஏழு தலைமுறையாக ஜவுளி வியாபாரம். எது விற்கும் என்று அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"நெருப்பு, தண்ணி எல்லாம் எல்லாக் கேம்லயும் இருக்கு. நட்சத்திரத்தப் போட்டா உங்க மிருகம் வரும்னு வச்சா எவன் ஆடாம இருப்பான்? சரண்யா, பழசத் தூக்கிப் போடும்மா. இந்தப் பதினாலையும் வச்சு புதுசா கட்டம் போடு."

மனுசனுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா? நான் பார்த்துப் பார்த்து வரைந்த களிமண் பூதமும் அன்றோடு குப்பைக்குப் போனது. அந்தக் கோபத்தையும் சேர்த்து நான் கத்தினேன். ஆனால் சரண்யாதேவி சரி என்று சொல்லிவிட்டாள்.

"கட்டம் என் கைக்கு வந்தாத்தான் அதுல என்ன இருக்குன்னு நான் பாக்க முடியும்" என்றாள்.

பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. ஆளுக்கு ஒரு பகை என்றால் சண்டை நடக்காது. நிறையப் பகை வேண்டும். பாம்பு எலியைப் பிடிக்கும். பூனை பாம்பை மடக்கும். நாய் பூனையை விரட்டும். அதுவரை சரி, எலி யாரை ஜெயிக்கும்? ஆபீசே கூடி உட்கார்ந்து யோசித்தும் விடை கிடைக்கவில்லை. அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். வயலில் நின்றவர் சிரித்தது எனக்கே கேட்டது.

"எலி தோக்கடிக்காத ஆளு எவன் இருக்கான்? வரப்பையே கவுத்துப்புடுமே. பொந்துல கால விட்டா மாடே நொண்டும்."

இப்படியாக எலிக்குப் பொந்து தோண்டுகிற வரம் கிடைத்தது. எதிரில் ஓடி வருகிற எந்த மிருகமும் அதில் கால் மாட்டிக்கொள்ளும்.

சித்தார்த் இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்து வாசலிலேயே நின்றார். நான் பிரியாணிப் பொட்டலத்தை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் 'தொப்'பென்று வைத்தேன். அன்றைக்குத்தான் ஜோடிச் சண்டையைப் புதிதாகச் சேர்த்திருந்தோம், ஒரு பக்கத்துக்கு இரண்டு மிருகம். அவர் எலியை எடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்திலேயே பூனையையும் நிறுத்தினார். மற்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள்.

சண்டை ஆரம்பித்ததும் பூனை எதிரியைப் பார்க்கவே இல்லை. திரும்பிப் பக்கத்தில் நின்ற எலியை அடித்தது.

சித்தார்த் போனைச் சரண்யாதேவியிடம் காட்டினார். "ஒரே பக்கம் நிக்கிறப்பவும் அடிக்குதே. இப்படித்தான் வச்சிருக்கீங்களா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இல்ல. எதிரெதிரா நின்னா என்னன்னுதான் கட்டம் போட்டேன். ஒரே பக்கம் நின்னா என்னன்னு நான் யோசிக்கவே இல்ல."

"யோசிச்சா என்ன வரும்?"

"தெரியல" என்றாள். பிறகு மெதுவாக, "உங்க வீட்ல யோசிச்சாகளா?" என்று கேட்டாள்.

"அம்மாகிட்டப் பல தடவ கேட்டுட்டேன். வேணாம், அம்புட்டுத்தாங்குறாக. ஏன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிர்றாக. வேற பொண்ணும் நான் பாக்கலன்னு சொல்லிட்டேன்."

அவ்வளவு பேசத் தெரிந்த ஆள்தானா என்று எனக்கு ஆச்சரியம். அடுத்த ஞாயிறு பிரியாணியைக் கையிலேயே கொடுத்தேன்.

அந்த வாரம் முழுக்க சரண்யாதேவி ஒரே பக்கம் நிற்பவர்களுக்கான விதியோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் ஒன்று வைத்தாள். பக்கத்தில் நிற்கிற ஆளை அடிக்கக் கூடாது, ஒருவர் மேல் விழுகிற அடியை இருவரும் பாதி பாதியாக வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளைப் பைத்தியமாக்கியது. பூனையும் எலியும் சேர்ந்த ஜோடியை யாராலும் எளிதில் சாய்க்க முடியவில்லை. பாம்பு எலியைத் தேடி வந்தால் பூனை பிடித்தது. நாய் பூனையைத் தேடி வந்தால் பொந்தில் கால் மாட்டியது. ஆனால் இரண்டு பூனையாக ஜோடி சேர்த்தால் ஒற்றை நாய் இரண்டையும் விரட்டியது.

"ஜாதகத்துல ஒரே மிருகம்னா ரொம்ப விசேசங்குறாக. இங்க அது மொத அடிக்கே விழுது. அப்ப எது தப்புக்கா? நான் போட்டதா, அவங்க போட்டதா?"

"அது ஜாதகம், இது கேமு. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

"எனக்கு ஒன்னு மட்டும் தெரியணும். அடி யாருக்கு விழும்னு அந்தம்மா நெனைக்கிறாக? நான் போயிக் கேக்கப் போறேன்."

வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குப் பெண்ணே கிளம்பிப் போவதா? மானம் மரியாதை இல்லையா என்று பஸ் ஸ்டாண்டுவரை திட்டிக்கொண்டே போனேன். தனியாக விட மனமில்லாமல் பஸ்ஸிலும் ஏறினேன். அந்த அம்மா ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் நாலு வார்த்தை கொடுப்பது என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டேன்.

கப்பலூரில் நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளி வீடு. சித்தார்த் வேலைக்குப் போயிருந்தார். தமிழ்ச்செல்வி அம்மா எங்களைப் பார்த்துத் திகைத்தாலும், "வாங்க" என்று உட்காரவைத்துக் காபி கொடுத்தார். சரண்யாதேவி டம்ளரை வாயில் வைக்கவே இல்லை.

"அம்மா, சண்டைக்கு வரல. எனக்குப் புரியல, அதான் வந்தேன். நான் பூனை, அவரு எலி. என்னால அவருக்கு ஏதாச்சும் ஆயிருமுன்னு பயப்படுறீகளா?"

அந்த அம்மா காபித் தட்டைக் கையில் எடுத்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

"எங்களுக்குப் பொருத்தம் பாக்கல தாயி. எங்க ஐயா வாக்குக் குடுத்தாரு, கட்டி வச்சாக. இவன் தவழுற பருவத்துல அவரு லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. ரோட்டுல போன லாரிய ஒருத்தனும் சொல்லல. பொருத்தம் பாக்காம வந்தவ, வந்து புருசன முழுங்கிட்டான்னு என்னையத்தான் சொன்னாக. எழவு வீட்லயே சொன்னாக. இன்னைக்கும் நல்ல காரியத்துல நான் முன்னால போயி நிக்கிறதில்ல."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சரண்யாதேவியை நேராகப் பார்த்தார்.

"இப்பப் பூனைன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நாளைக்கு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் உன்னையத்தான் சொல்வாக. எலிக்கு ஒன்னும் ஆகாது. அடி அம்புட்டும் பூனைக்குத்தான் விழும். நான் வாங்குனது போதும். நீ வேற எதுக்கு?"

நான் தயார் செய்து வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போனதென்று தெரியவில்லை. மகனுக்காகப் பயப்படுகிறார் என்றுதானே நாங்கள் இத்தனை நாளும் நினைத்தோம்?

சரண்யாதேவியின் நெற்றி சுருங்கியது. கட்டத்தில் ஏதாவது இடித்தால் வருகிற அதே சுருக்கம்.

"அன்னைக்கு உங்க பக்கத்துல யாரு நின்னாக?"

"யாரு நிப்பா? ஒருத்தரும் நிக்கல."

"என்னைய அப்படிச் சொல்றப்ப, நீங்க எந்தப் பக்கம் நிப்பீக?"

தமிழ்ச்செல்வி அம்மா இவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தப் பெண் எப்போதும் இப்படித்தானா என்று கேட்பது மாதிரி இருந்தது. எப்போதும் இப்படித்தான் என்று நான் தலையாட்டினேன்.

"இதென்ன கேள்வி? ஒம் பக்கந்தான் நிப்பேன். அந்தப் பேச்சக் கேட்டுட்டு வேற எங்கிட்டுப் போயி நிக்க?"

"அப்ப நம்ம ரெண்டு பேரு அத்தை. ரெண்டு பேரு நின்னா பாதிதான் விழும்."

அந்த அம்மாவுக்கு அது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் அழுதார். அழுதுவிட்டு எழுந்து, சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி என் மடியில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் முகூர்த்த நாள் எதுவும் அவருக்குத் தெரியாதாம்.