ஓட்டை இல்லாத கீரை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். கலர் கலராகப் பாக்கெட் தீனி கொண்டுவந்தால் பையின் அடியில் ஒளித்துவிடுவார்கள். எத்தனை நாள்தான் கத்துவது? அதனால் ரூட்டை மாற்றினேன். "தினம் ஒரு பிடி கீரை" என்று பல வாரமாகக் காலையில் சேர்ந்து சொல்ல வைத்தேன். பிறகு ஒரு கீரை நாள் வைத்தேன். ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவர வேண்டும். சத்துணவு சமைக்கும் அக்கா பருப்போடு கடைந்து தருவார். தான் கொண்டுவந்ததை எந்தப் பிள்ளையும் ஒதுக்காது என்பது என் கணக்கு.

நல்ல கீரை எது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன். வாடியிருக்கக் கூடாது, பழுத்திருக்கக் கூடாது, பூச்சி அரித்த ஓட்டை கூடாது. மார்க்கெட்டில் நானும் அப்படித்தான் புரட்டிப் புரட்டி வாங்குவேன்.

மறுநாள் வந்ததில் பாதி வதங்கல், பாதி ஓட்டை. முதல் பெஞ்சுப் பெண் கொண்டுவந்த பொன்னாங்கண்ணி மட்டும் பளபளவென்று இருந்தது. இலை இலையாகத் திருப்பிப் பார்த்தேன். ஓர் ஓட்டை இல்லை. தூக்கிக் காட்டி எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு எல்லாக் கீரையையும் அக்காவிடம் கொடுத்தனுப்பினேன்.

மதிய மணி அடிக்கப்போகும் நேரத்தில் அவளிடம் சும்மா கேட்டேன்.

"எந்தக் கடையிலம்மா வாங்கின?"

"கடைல இல்ல மிஸ். எங்க வூட்டுக்குப் பின்னால கறுப்புத் தண்ணி கால்வா போவுதில்ல, அத்தாண்ட. நெறைய கீது. அங்க பூச்சியே வராது மிஸ்."

அந்தக் கால்வாய் எனக்குத் தெரியும். மணலி பஸ் அதைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். கம்பெனிகளின் முதுகுப் பக்கமிருந்து வரும் தண்ணீர், மேலே எண்ணெய் மிதக்கும். பூச்சிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மணி அடித்துவிட்டது. ஓடினேன். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கரண்டியோடு குனிந்திருந்தார்.

"அக்கா, போடாதீங்க!"

"இன்னா டீச்சர்? அல்லாத்தையும் ஒண்ணா கடைஞ்சிட்டேன். கொயந்தைங்க பசில கீதுங்க."

முதல் தட்டில் ஏற்கெனவே விழுந்திருந்தது. அந்தப் பையன் பிசைந்து வாயருகே கொண்டுபோன கையைப் பிடித்துத் தட்டை இழுத்தேன். அவன் ஓவென்று அழுதான். அக்காவின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் குண்டானைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"கீரை கெட்டுப்போச்சு. இன்னைக்கு ரசமும் முட்டையும்" என்று பொதுவாகச் சொன்னேன். யார் கீரை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் முட்டையைத் தொடாமல் என்னிடம் வந்தாள்.

"என்னுதாலதான மிஸ்?"

"உன் மேல தப்பே இல்லம்மா. அந்தத் தண்ணியில கெமிக்கல் கலக்குது. அங்க முளைக்கிறதைச் சாப்பிடக் கூடாது."

"எங்கம்மா ரெண்டு தபா கய்விச்சே?"

"கழுவினாலும் போகாது."

அவள் பள்ளிக்கூட கேட்டைப் பார்த்தாள்.

"தம்பிக்கு டெய்லி அதான் மிஸ். இப்போகூட எங்கம்மா ஊட்டிகினு இருக்கும்."

ஹெட்மிஸ்ஸிடம் சொல்லக்கூட நிற்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வழி முழுக்க, அந்தக் குழந்தை இன்னும் சாப்பிட ஆரம்பித்திருக்கக் கூடாது என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

அவள் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை, பக்கத்தில் கிண்ணம். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"இன்னா மிஸ், புள்ள எதுனா பண்ணிச்சா?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு கிண்ணத்தைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"கீரைதான் மிஸ். தெனம் குடுக்கணும்னு நீங்க சொன்னதா இது வந்து சொல்லிச்சு. அன்னிலேர்ந்து ஒரு நாள் வுடாம ஊட்டறேன்."

கிண்ணத்தில் ஒரு வாய்தான் மிச்சமிருந்தது.