நான் சேர்த்த ஒரு வரி

கண் தெரியாத மாணவர்கள் பொதுத்தேர்வில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். அவர் அந்தப் பாடத்தை நடத்துகிறவராக இருக்கக் கூடாது. அதனால் கணக்கு டீச்சரான என்னை ஆங்கிலத் தேர்வுக்கு எழுதப் போட்டார்கள். அதுவும் திண்டிவனத்தில். விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டே போனேன்.

பிரம்மதேசத்துப் பெண் அவள், பத்தாம் வகுப்பு. தனி அறையில் அவளும் நானும் ஒரு கண்காணிப்பாளரும் மட்டும். மணி அடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: "அரையாண்டுல இங்கிலீஷ் போச்சுங்க மிஸ். இதுலயும் போச்சுன்னா படிச்சது போதும்னு வீட்டுல சொல்லிட்டாங்க."

முதலில் பத்தியை வாசித்துக் காட்டினேன். என் ஆங்கிலம் எனக்கே சகிக்காது.

"மெதுவா படிங்க மிஸ். நீங்க பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கீங்க."

மெதுவாக இன்னொரு முறை வாசித்தேன். அவ்வளவுதான். கேள்விகளைப் படிக்கப் படிக்க, எந்த வரியில் என்ன இருந்தது என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். தாளைக் கையில் வைத்திருந்த நான்தான் அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அசந்துபோனேன்.

அடுத்தது கடிதம். பேருந்து வசதி கேட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். முதியோர் சிரமப்படுகிறார்கள், மாணவர்களுக்குத் தாமதமாகிறது என்று நோட்ஸில் இருப்பதை எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். இவள் சின்னச் சின்ன வாக்கியங்களாக வேறொன்றைச் சொன்னாள். கண்டக்டர் ஸ்டாப் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை. எங்கே இறங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் கூட்டேரிப்பட்டு வரைக்கும் போய்விட்டேன். தயவுசெய்து சொல்லச் சொல்லுங்கள்.

எனக்குப் பகீரென்றது. இதற்கு மதிப்பெண் போடுவார்களா? கண்காணிப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரத்தில், முதியோரும் மாணவர்களும் சிரமப்படுவதாக நானே ஒரு வரி எழுதிவிட்டேன். புண்ணியம் செய்த நினைப்பு வேறு.

முடிந்ததும் கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். அந்த வரியை விழுங்கியிருக்கலாம். ஆனால் பெருமையோடு அதையும் சேர்த்தே வாசித்தேன்.

"நடுவுல ஒண்ணு வந்துச்சே, அது நான் சொன்னது இல்லீங்களே."

"இருந்துட்டுப் போகட்டும்மா. மார்க்கு வரும்," என்று கிசுகிசுத்தேன்.

"ஃபெயிலாயிடுவேனோன்னு எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்க மிஸ். ஆனா பாஸானா, கண்ணு தெரியாத பொண்ணுக்கு யாரோ எழுதிக் குடுத்தாங்கன்னு பேசுவாங்க. அத அடிச்சிடுங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. நல்லதுக்குச் செய்தால் இப்படியா? அது அடங்குவதற்குள் வெட்கம் வந்துவிட்டது. அடித்தேன். பேனா ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"முழுசா அடிச்சிட்டீங்களா?"

"அடிச்சிட்டேம்மா."

"சரி, அடுத்த கேள்வி படிங்க."

தேர்வு முடிவு வந்த அன்று, என் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அவளுடைய பள்ளிக்குப் போன் செய்தேன். ஆங்கிலத்தில் தேறியிருந்தாள். அந்த விடைத்தாளில் என்னுடையது கையெழுத்து மட்டும்தான்.