அரை இஞ்சு ரப்பர் குழாய்

எழுபதுகளின் நடுவில் என் கணவர் தூத்துக்குடியில் ஒரு விமானம் கட்டினார். சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. விசைப்படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவர் அவர். உப்பளத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த சரக்குக் கிட்டங்கியில் மரச்சட்டமும் துணியுமாக ஒன்றைச் செய்து, அதன் மூக்கில் ஒரு பழைய கார் எஞ்சினைப் பொருத்திவிட்டார். சர்க்கார் அனுமதி வேண்டாமா என்றால், "பறந்து காட்டிட்டு கேப்போம்ளா" என்பார். இந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டவள் நான்.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்கு அவர் போட்டது அரை இஞ்சு ரப்பர் குழாய். படகில் அவருக்கு அதுதான் வழக்கம். படகு எஞ்சின் கடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், சூடானதைக் கடலிலேயே கொட்டிவிடும். அடுத்து வருவது புதுத் தண்ணீர். குழாய் கொஞ்சம் சிறுத்தாலும் குடி முழுகிப் போகாது. விமானத்துக்குள் கடலுக்கு எங்கே போவது? ஊற்றிய அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான் எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்குமாக ஓயாமல் ஓட வேண்டும். அதற்கு வழி அகலமாக இருக்க வேண்டும். அது அவருக்கு உறைக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், உப்பளத்து ஓரத்தில் விமானத்தின் வாலை ஒரு லாரியோடு சேர்த்துக் கட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் முழு வேகத்தில் சூடேறாமல் ஓடினால் அப்படியே பறந்துவிடுவதாகத் திட்டம். கயிற்றருகே என் கொழுந்தன் நின்றான். நான் இறக்கையை ஒட்டிக் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். எஞ்சின் அலறியது. கொஞ்ச நேரம் சூடு காட்டும் மீட்டரைப் பார்த்துக் கடுகடுவென்று இருந்தவர் முகம் திடீரென்று மலர்ந்தது.

"ஊசி இறங்குது! சூடு கொறஞ்சிட்டு! கயித்த அவுத்து விடுலே!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார்.

நான் எஞ்சினைப் பார்த்தேன். அதற்கு இன்னும் மூடி போட்டிருக்கவில்லை. அடியில் ஓடிய ரப்பர் குழாய், சப்பிப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது. பம்பு உறிஞ்சிய வேகத்தில் குழாய் நசுங்கி, உள்ளே தண்ணீர் வற்றி, மீட்டர் தொட்டுக் காட்டத் தண்ணீரே இல்லாமல்தான் ஊசி இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான், அந்தக் குழாய் வழியாக எதுவும் போகவில்லை.

"அவுக்காதலே!" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. கொழுந்தன் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு அடுத்ததில் கை வைத்திருந்தான். ஓடிப்போய் அந்தக் கையைக் கடித்தேன். ஆமாம், பல் பதியக் கடித்தேன். அவன் ஐயோவென்று அலறியபோதே எஞ்சினும் கிறீச்சிட்டது. காற்றாடி சட்டென்று நின்றது. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது. விமானத்தின் மூக்குக்கு நேரே, பாத்திகளைத் தாண்டினால், கடல்.

அவர் இறங்கி வந்தார். முகத்தில் சொட்டு இரத்தம் இல்லை. குனிந்து நசுங்கிய குழாயைத் தொட்டார், விரலைச் சுட்டுக்கொண்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்து நின்றேன்.

"ஒண்ணேகால் இஞ்சு போட்டிருக்கணும்ளா" என்றார். "உள்ள கம்பிச் சுருள் வச்சிட்டா நசுங்காது. வேற எஞ்சின் மட்டும் கெடச்சிட்டா கிறிஸ்மஸுக்குள்ள பறந்துரலாம்."

அதுவரை நின்றுகொண்டிருந்த நான் உப்புத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.