மேற்சட்டை விதி

சிலோன் தமிழரான புஷ்பராணிக்கு ஐம்பத்திரண்டு வயது. வார நாள்களில் பல் மருத்துவர் ஒருவரிடம் பதிவு மேசையில் வேலை. ஞாயிறு காலைகளில் பாசிர் ரிஸ் வட்டாரத்து அடுக்குமாடிப் புளோக்குகளுக்கு நடுவில் இருக்கும் சிறிய திடலில் நடுவர். இனவெறியை எதிர்க்கக் கால்பந்து என்று எழுதிய பதாகை ஒன்று அங்கே உண்டு. ஆட்டக்காரர்கள் அதை விரித்து அதன்மேல் செருப்புகளை வைத்தார்கள்.

பதாகை பயன்படாததால் அவர் ஒரு விதி போட்டார். இனத்தைச் சொல்லி ஒருவரை ஏசியவர், ஏச்சு வாங்கியவரின் மேற்சட்டையை அணிந்து பத்து நிமிடம் அவருடைய அணிக்கு ஆட வேண்டும். ஏச்சு வாங்கியவர் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம்.

முதலில் மாட்டியவர் சீனரான ஆ செங். தமிழர் கூடும் தேக்கா சந்தையில் முப்பது வருடம் காய்கறி விற்றுத் தமிழ் கற்றவர். நீல அணியின் ரகுபதியிடம் இந்தியத் தலையெண்ணெய் வாடை அடிக்கிறது என்றார். ரகுபதி தன் மேற்சட்டையைக் கழற்றிப் பிழிந்து கொடுத்தார்.

"அக்கா, ஈரமா இருக்கு லா!"

"வாடை தெரியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

விதியின் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் புஷ்பராணியின் கணவர் விஸ்வலிங்கம், நீல அணியின் கோல்காவலர். ரகுபதி அணியில் இருப்பதைவிட ஓர் ஆள் குறைவாக ஆடுவதே மேல் என்று அவருக்குப் பட்டது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ரகுபதியின் காதில் ஏதாவது ஓதி, யாரையாவது ஏச வைத்து, எதிரணிக்கு அனுப்பிவிடுவார். மூன்று ஆட்டம் வென்றார்கள். நான்காவதில் புஷ்பராணி, ஓதுகிறவரும் கூடவே போக வேண்டும் என்றார்.

அப்படியும் நீல அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. பதினொரு வருடத்தில் முதல் முறை. விஸ்வலிங்கம் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கோப்பைக்கு இடம் ஒதுக்கினார். அங்கிருந்த கல்யாணப் படம் படுக்கையறைக்குப் போனது.

இறுதியாட்டத்தில் இரு அணிக்கும் ஒவ்வொரு கோல். முடிய எட்டு நிமிடம். மஞ்சள் அணியின் ஒன்பதாம் எண் இடித்ததில் ரகுபதி விழுந்தார். புஷ்பராணி விசிலை ஊதிவிட்டுக் கத்தினார்.

"ஏய் பங்ளா, மெதுவா!"

பங்களாதேஷ் தொழிலாளிகளை ஊரே அழைக்கும் அரைச்சொல். திடல் நின்றது.

மஞ்சள் அணியிலிருந்த ஆ செங் ஓடிப்போய்ப் பெஞ்சிலிருந்த ஆட்டத்தாளை எடுத்துவந்தார். ஒன்பது பேருக்குப் பெயர் இருந்தது. பத்தாவது வரியில் புஷ்பராணியின் அழகான கையெழுத்தில், 'பங்ளா, 9'.

"ரெண்டு மாசமா இப்படித்தான் எழுதுறீங்களா அக்கா?"

விஸ்வலிங்கம் கோலிலிருந்து கத்தினார். "நடுவருக்கு விதி கிடையாது!"

"இருக்கு," என்றார் புஷ்பராணி.

விசிலையும் தாளையும் ஒன்பதாம் எண்ணிடம் கொடுத்தார். அவர் தன் மேற்சட்டையைக் கொடுத்தார். அது ஈரமாக இருந்தது. பங்ளா என்பதை அடித்துவிட்டுத் தாளில் தன் பெயரை எழுதினார்: மொன்ஜூர் ஆலம்.

மேற்சட்டை புஷ்பராணியின் முழங்கால்வரை தொங்கியது. ஏழு நிமிடம் அவர் பந்தைத் தொடவில்லை. கடைசியில் ஆ செங் தள்ளிய பந்து அவர் காலடியில் வந்து நின்றது. எதிரே விஸ்வலிங்கம் மட்டும்.

"ராணி," என்றார் அவர் மெதுவாக. "இடம்கூட ஒதுக்கிட்டேன்."

புஷ்பராணிக்கு அந்த இடம் தெரியும். காலையில் அதைத் துடைத்ததே அவர்தான். கல்யாணப் படமும் ஞாபகம் வந்தது. உதைத்தார். பந்து விஸ்வலிங்கத்தின் கால்களுக்கு நடுவே உருண்டு போனது.

மொன்ஜூர் விசிலை நீளமாக ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டுத் தாளோடு வந்தார். வேலையிடத்தில் கற்ற தமிழில் சொன்னார்.

"கோல் போட்டவங்க பேர் எழுதணும். உங்க பேர் எனக்குத் தெரியாது." பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். "சிலோன்னு எழுதட்டுமா?"

ஆ செங் தரையில் உட்கார்ந்து சிரித்தார். புஷ்பராணி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். மொன்ஜூர் எழுதிக்கொண்டார்.

"முழுப் பேர், அக்கா?"

விஸ்வலிங்கம் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்தபடி சொன்னார்:

"அவ அப்பா பேரைப் போடு. என் பேர் வேணாம்."