வண்டிக்குள் வந்த வாடை

காஞ்சிபுரத்தில் நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் வண்டி. முகூர்த்த மாதங்களில் கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கடை கடையாக அழைத்துப்போவேன். மற்ற நாட்களில் பெரும்பாலும் ஆஸ்பத்திரி சவாரிதான். ஓட்டுவது பெண் என்பதற்காகவே என்னைக் கூப்பிடுகிற வீடுகள் சில உண்டு.

ஒரு வைகாசியில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கல்யாணப் பெண், அவள் அம்மா, அத்தை. புடவைப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பின்னால் முணுமுணுப்பு கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். பெண்ணின் அம்மா முந்தானையால் மூக்கை மூடியிருந்தார். அத்தை முன்னால் குனிந்து கேட்டார்.

“ஏம்மா, உங்க வீட்ல இன்னிக்குக் கருவாடா?”

“இல்லீங்க, வெள்ளிக்கிழமை நாங்க கவுச்சி தொட மாட்டோம்” என்றேன்.

அவர் கேட்டதைவிட நான் சொன்ன பதில்தான் இன்றுவரை என்னைக் கூசவைக்கிறது. என் வீட்டில் என்ன சமைத்தால் அவருக்கென்ன என்று கேட்டிருக்கலாம். பேசாமலாவது இருந்திருக்கலாம். நானோ பரீட்சையில் பாஸாகப் பார்க்கிற பிள்ளையைப் போலப் பதில் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போனதும் என் கணவரிடம் என்மேல் ஏதாவது வாடை வருகிறதா என்று கேட்டேன். இல்லையே என்றார். அவர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர். பல வருஷம் சாய ஆவியைச் சுவாசித்து மூக்கு மரத்துப்போனவர். அந்த மூக்கை நம்பி என்ன செய்வது? எனக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. காரணமில்லாமல் வேர்க்கிற வயது. என் உடம்புதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகு காலையில் ஒரு குளியல், மதியம் ஒரு குளியல். மாற்று ஜாக்கெட்டைப் பையில் எடுத்துப்போனேன். வீட்டில் மீன் நின்றது, பூண்டு நின்றது. என் கணவர் ஏன் என்று கேட்காமல் ரசஞ்சோறு தின்றார். வண்டியில் ஒரு வாசனைப் புட்டியைத் தொங்கவிட்டேன். அந்த வாசனையும் இந்த வாடையும் சேர்ந்துகொண்டு முன்னைவிட மோசமானது.

ஓரிக்கைப் பக்கம் ஒரு அம்மாவை நான் வாடிக்கையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவேன். சர்க்கரை வியாதிக்காரர். காலில் ஆறாத புண். அதற்குக் கட்டு மாற்ற வேண்டும். என்னை மகள்போல நடத்துவார். அந்த வீட்டு மருமகள் ஒருநாள் போன் செய்தாள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கார்ல வந்தா அத்தைக்கு வாந்தி வர மாரி இருக்குதாம். இனிமே ஆட்டோல போய்க்கிறோம்” என்றாள். சரிம்மா என்றேன். அவரே என்னை வேண்டாம் என்றபிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று தோன்றியது. சில நாட்கள் எந்தச் சவாரியும் எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் டயருக்குக் காற்றடிக்க வண்டியை எடுத்தேன். அதே கேட்டில் நிற்க வேண்டியதாயிற்று. வண்டியில் நான் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அந்த வாடை வந்தது, கருகின எண்ணெயும் பழைய பெட்ரோலும் சேர்ந்த மாதிரி. என் கையை முகர்ந்தேன், சோப்பு வாசனை. இறங்கி வெளியே நின்றேன், ஒன்றுமில்லை. மறுபடி உள்ளே உட்கார்ந்து, ஏ.சி. காற்று வருகிற துவாரத்துக்கு மூக்கைக் கொண்டுபோனேன். அங்கிருந்துதான் வந்தது.

கேட் திறந்ததும் நேராக மெக்கானிக்கிடம் போனேன். நான் பாய் என்று கூப்பிடுகிறவர். என் வண்டிக்கு எப்போதும் அவர்தான் ஆயில் மாற்றுவார். பானெட்டைத் திறந்தால் ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றி எண்ணெய் பிதுங்கி வழிந்திருந்தது.

எனக்குப் புரியும்வரை விடாமல் கேட்டேன். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது அந்தப் புகையில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் கசியுமாம். புது வண்டியிலும் அப்படித்தான். அது அங்கேயே தங்கினால் ஆயில் கெட்டுப்போகும், அழுத்தமும் ஏறும். அதனால் அந்த ஆவியை எஞ்சினே ஒரு குழாய் வழியாக உறிஞ்சி, உள்ளே போகிற காற்றோடு கலந்து மறுபடி எரித்துவிடுகிறது. எவ்வளவு உறிஞ்சுவது என்பதை நடுவில் ஒரு சின்ன வால்வு பார்த்துக்கொள்கிறது. என் வண்டியில் அந்த வால்வு கசடு ஏறி அடைத்துவிட்டது. போக வழியில்லாத ஆவி மூடியின் இடுக்கில் வெளியேறியிருக்கிறது. வழிந்த எண்ணெயும் சூடான புகைக்குழாயில் பட்டுக் கருகியிருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று இதையெல்லாம் அடித்துப்போய்விடும். வண்டி நின்றால், முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்றை இழுக்கும் துவாரம் வழியாக உள்ளே வந்துவிடும்.

பாய் கழற்றிய வால்வைக் குலுக்கிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. நல்ல வால்வென்றால் உள்ளே கடகடவென்று ஆடுமாம். “போன வாட்டி ஆயில் மாத்தும்போதே நான் பாத்திருக்கணும்மா. உட்டுட்டேன்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குளித்த குளியலும், என் வீட்டுக்காரர் தின்ற ரசஞ்சோறும்தான் நினைவுக்கு வந்தன. வால்வு, குழாய் இரண்டையும் மாற்றி, ஆயிலையும் மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் ஓரிக்கை வீட்டுக்குப் போனேன். வாடை என்னுடையதல்ல, வண்டியுடையது என்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. மருமகள் கடைக்குப் போயிருந்தாள். அந்த அம்மா காலை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். எஞ்சினில் ஒரு குழாய் அடைத்து வண்டிக்குள் நாற்றம் வந்ததென்றும், இப்போது சரியாகிவிட்டதென்றும் சொன்னேன்.

அவர் நீட்டியிருந்த காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப அது என் கால் புண்ணு இல்லியாம்மா?”

புண்ணா என்று கேட்டேன்.

“நான் ஏறி உக்காந்தாலே நாத்தம் அடிக்குது, நீயும் வாசனைப் புட்டி கட்டிட்ட. பாவம், உன் பொழப்பும் என்னால கெட்டுப்போவுதேன்னுதான் வாந்தி வருதுன்னு சொல்லச் சொன்னேன்” என்றார். ஆட்டோவில் காற்று அடிக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது என்று நினைத்தாராம். கட்டு மாற்றும்போதெல்லாம் நர்ஸிடம், புண் அழுகுகிறதா, நாறுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இல்லை என்று அவர்கள் சொன்னதை நம்பவில்லை.

அத்தனை நாளும் என் வேர்வையையும் என் சமையலையும் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் புண்காலோடு இருக்கும் ஒருவர் அந்தப் புட்டியைப் பார்த்து என்ன நினைப்பார் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், ஆஸ்பத்திரிக்கு அடுத்து எப்போது போக வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நாளைக்குக் காலையில் என்றார். வருகிறேன் என்றேன்.