பாட்டுக்கு முதுகு காட்டிய எட்டுக் காட்சிகள்

ஒபரா என்கிற இசைநாடக மண்டபத்தில் ரிக்கெற் பார்த்து இடம் காட்டுகிறவளின் வேலை, ஊரே பார்க்க வந்த மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது. கலியாண வீட்டில் ஓடியோடிப் பரிமாறிவிட்டு, தாலி கட்டியதைப் பிறகு வீடியோவில் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்கு உடனே விளங்கும். யாராவது போனை எடுக்கிறார்களா, யாருக்காவது தலை சுற்றுகிறதா என்று சனத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அதுதான் சட்டம்.

இந்த முறை எங்கள் மண்டபத்துக்குப் பாட வந்தவர் பெரிய ரெனர். ஆண்குரலில் மேலே மேலே போய்ப் பாடுகிறவரை அப்படிச் சொல்வார்கள். ரொறன்ரோவில் எட்டே எட்டுக் காட்சி. கடைசி அங்கத்தில் அவருக்கு ஒரு பாட்டு இருந்தது; ரிக்கெற் எல்லாம் விற்றுத் தீர்ந்தது அதற்காகத்தான். அதை அவர் பாடும்போது ஒருதரமாவது கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

சத்தம் போட்டவர்

முதல் காட்சியில் பாட்டு முடிந்ததும் நடுவரிசையில் ஒரு வயதான கனவான் எழும்பிக் கத்தினார். கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, இவர் கத்துகிறாரே என்று நான் படியிறங்கி ஓடி, ரோச் லைற்றை அவர் காலடியில் அடித்து, தயவுசெய்து அமைதி என்றேன். அதற்குள் மண்டபம் முழுக்க எழும்பிக் கத்திக்கொண்டிருந்தது. அங்கே நல்ல பாட்டு முடிந்ததும் கதைக்கு நடுவிலேயே ஆரவாரம் செய்வது வழக்கமாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கனவான் கோபிக்கவில்லை. குனிந்து என் காதுக்குள் சொன்னார்:

"அம்மா, இந்த ஒரு சத்தத்துக்காகத்தான் இவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்."

தாளம்

மூன்றாவது காட்சியில் கை என் சொல் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாராவது பாடினால் எல்லாருடைய கையும் தொடையில் தாளம் போடும். அன்றைக்கு என் கையில் ரோச் லைற் இருந்ததும், அது எரிந்துகொண்டிருந்ததும் எனக்கு நினைவில்லை. வெளிச்சம் படிகளில் குதித்துக்கொண்டிருந்தது. மேடையில் பாடியவரோ நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்த இடத்தில் இழுத்தார். கடைசியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றபோது, மூச்சு முட்டியது எனக்கு. என் கை மட்டும் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் மார்கரெட் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்:

"அவர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். லைற்றை அணையுங்கள்."

மார்கரெட்டிடம் கேட்டது

அந்தக் கடைசிச் சுரத்தில் அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று ஒருநாள் மார்கரெட்டிடம் கேட்டேன். மனுசி அந்த மண்டபத்தில் இருபது வருசமாக வேலை செய்கிறவர். கடைசிக் காட்சியில் அந்தப் பாட்டுக்கு மட்டும் கதவுக்கு உள்பக்கம் மேடையைப் பார்த்து நிற்கலாம், சனத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கேட்டதற்குப் பதில் கடைசியாகத்தான் வந்தது:

"எனக்கும் தெரியாது. நானும் இருபது வருசமாக இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்."

இரண்டு மணி

கடைசிக் காட்சி ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு. நாலு மணிபோல, பாட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, உள்ளே போகக் கதவடியில் காத்துநின்ற என்னிடம் கோட்டும் சூட்டுமாக ஓர் ஆள் ஆறுதலாக, ஓர் அவசரமும் இல்லாமல் படியேறி வந்தார். பெயர் குலசிங்கம், ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிறவர். தமிழ் முகத்தைக் கண்டதும் ரிக்கெற்றை நீட்டினார். கடைசி அங்கம் தொடங்கிவிட்டது, இனி உள்ளே விடமாட்டார்கள் என்றேன். அவருடைய முகம் செத்துப்போனது.

"என்ன தங்கச்சி சொல்லுறீர்? ரெண்டு மணி எண்டுதானே போட்டுக் கிடந்தது. எங்கட ஹோலுகளிலை ரெண்டு எண்டா நாலெல்லோ?"

சிரிக்க முடியவில்லை. கனடாவுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் எடுத்த அப்பார்ட்மென்ற்றில், மேசை லாச்சிக்குள் யாரோ விட்டுப்போன கசற் ஒன்று கிடந்ததாம். அதில் இந்தப் பாட்டு. முப்பது வருசமாக, ஒரு சொல்லும் விளங்காமல், கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அதை ஒருவர் முன்னால் நின்று பாடுவதைக் கண்ணால் கண்டதில்லையாம்.

பக்கத்தில் நின்ற மார்கரெட்டைப் பார்த்தேன். கதவுக்கு உள்பக்கம் ஓர் ஆள்தான் நிற்கலாம், யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. குலசிங்கத்தின்மேலும், சொன்ன நேரத்துக்குத் தொடங்காத எங்கள் ஹோல்காரர் எல்லார்மேலும். ஆனாலும் நான் ஆசைப்பட்டது எட்டுக் காட்சி, அவர் ஆசைப்பட்டது முப்பது வருசம். கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டேன். தடித்த இரட்டைக் கதவு. வெளியே நின்ற எனக்குக் கேட்டது கைதட்டல் மட்டும்தான்.

அவர் வெளியே வந்தபோது வாய் இன்னும் திறந்தபடி இருந்தது. கண்ணைத் துடைத்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"குடுத்துவைச்சனீர் தங்கச்சி. நீர் ஒவ்வொருநாளும் பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறீர்."

பாடும்போது அந்த ரெனரின் முகம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டால், பாட்டைக் கேட்டவர்களின் முகம் அத்தனையையும் சொல்வேன், அந்த ஒன்றைத் தவிர.