அக்கா கேட்ட வழி

நடக்கும்போது நான் முணுமுணுத்துக்கொண்டே போவேன். புத்தி பேதலித்துவிடவில்லை, என் வேலை செய்யும் முறையே அதுதான். தோளில் ஜோல்னாப் பை. அதற்குள் கையடக்கமான டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு வயர் சட்டைக்குள் ஏறி, காலரின் உள்பக்கம் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய சின்ன மைக்கில் போய் முடியும். தெருவின் சத்தம் அத்தனையும் கேசட்டில் விழும். நடுநடுவே என் குரலும் விழும்: “வலது பக்கம் பாத்திரக் கடை. முப்பத்தாறு அடி. இங்கே நடைபாதை உடைஞ்சிருக்கு. இடது பக்கம் திரும்பறேன்.”

இதைத் தொடங்கியது அக்காவுக்காக. மயிலாப்பூர் லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவள் பன்னிரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தாள். முப்பத்து நாலாவது வயதில் கண்ணில் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து, ஆபரேஷன், எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரே வருஷத்தில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அப்பா அம்மா இல்லை. மேற்கு மாம்பலத்தில் ஒரு பின் போர்ஷனில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அதன் பிறகு அக்கா வாசற்படி தாண்டவில்லை. முதுகு வலி, வேலையை விட்டுவிட்டேன் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவிட்டாள். யாராவது வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையைப் புரட்டுவாள். குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரிப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் இரண்டு வருஷம் மறைத்தாள். “யார்ட்டயும் மூச்சு விடப்படாது. விட்டேன்னா உன்னோட பேச மாட்டேன்” என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஒரு நாள் அவளே கேட்டாள். “லஸ் முனைலேர்ந்து இன்ஸ்டிட்யூட் மாடி வரைக்கும் நடந்து ரெக்கார்ட் பண்ணிண்டு வாயேன். எத்தனை அடி, எத்தனை படின்னு சொல்லிண்டே வா. இங்க உக்காந்துண்டு நானும் நடந்து பாக்கறேன்.”

சரி என்றேன். முதலில் பழகிக்கொள்ளலாம் என்று மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு கேசட் பதிந்து வந்தேன். அதை அவள் கேட்டபோதுதான் அது நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, என் எண்ணிக்கைக்கு ஏற்ப, அவள் பாதங்கள் தரையில் மாறி மாறி எழும்பின. நான் திரும்பச் சொன்ன இடத்தில் முழங்கால்கள் இடது பக்கம் திரும்பின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன்.

அன்றிலிருந்து வாரம் ஒரு வழி. தி. நகர் துணிக்கடை நெரிசல், மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டு, மாட வீதிகளில் காலைக் காய்கறி. ஒவ்வொரு நடையும் அக்காவுக்குக் கேசட்டாகவும் எனக்கு நாலு பக்கமாகவும் ஆயிற்று. அவள் கேட்ட வழியை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். மருந்துக் கடைக்கும் கடிகாரம் ரிப்பேர் செய்கிற கடைக்கும் நடுவே ஒரு இருட்டு மாடிப்படி. அதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

“இதுவும் நன்னாத்தான் இருக்கு. லஸ் எப்போ?” என்பாள்.

“அடுத்த வாரம் அக்கா.”

ஒரு சிறுபத்திரிகை நான் எழுதியதைக் கேட்டு வாங்கிப் போட்டது. அக்காவிடம் சொல்லவில்லை.

அந்த இதழ் வெளிவந்த அன்று மயிலாப்பூருக்குப் போய் இரண்டு பிரதிகளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். தலைகால் புரியவில்லை. அடுத்த கட்டுரைக்கு ஓர் ஆறு வேண்டும் என்று தோன்றியது. மந்தைவெளி வழியாகப் பசுமைவழிச் சாலையில் நடந்து அடையாறு பாலத்தில் போய் முடிப்பதாகத் திட்டம். ரெக்கார்டரைத் தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நகரமே வெடிகுண்டுக்குப் பயந்து கிடந்தது. கேட்பாரற்றுக் கிடக்கும் சூட்கேஸைப் பார்த்தால் பஸ்ஸே காலியாகிவிடும். பைக்குள் வயர் தெரிந்தால் பக்கத்தில் நிற்பவர் இரண்டு அடி தள்ளி நிற்பார். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் காதும் கணக்குமாகப் போகும்போது என் மூளைக்கு வேறு எதுவும் உறைக்காது.

பசுமைவழிச் சாலையில் பெரிய மனிதர் ஒருவரின் பங்களா. மதிலை ஒட்டி நடந்தேன். “இடது பக்கம் உயர மதில். வாசல்ல துப்பாக்கியோட ஒருத்தர் பாரா நிக்கறார். காக்கா சத்தம். மதில் முடியறவரைக்கும் இருநூத்திப் பன்னண்டு அடி.” எண்ணிக்கை தவறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். சந்தேகம் வந்தால் திரும்ப எண்ணுவது என் வழக்கம்.

இரண்டாவது தடவை நூற்று எண்பதில் ஒரு கை என் தோளைப் பிடித்தது.

“இன்னா நைனா, யாராண்ட பேசிகினு போற?” ஒரு கான்ஸ்டபிள். இன்னொருவர் அதற்குள் என் பையைத் தொடாமல் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார். “வயரு கீது! கைய மேல தூக்கு, ஆடாத!”

அரை மணி நேரத்தில் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தேன். சட்டையைக் கழற்றியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் மேஜைமேல் ரெக்கார்டரை வைத்து கேசட்டை ஓடவிட்டார். என் குரலை அப்போதுதான் வேறு ஒருவர் காதால் கேட்டேன். மதில், பாரா, துப்பாக்கி, இருநூத்திப் பன்னண்டு. கேசட்டில் பேசுகிறவன்மேல் எனக்கே சந்தேகம் வந்தது.

“எதுக்குய்யா அளந்த? யாருக்குக் குடுக்கறதுக்கு?”

“எங்க அக்காவுக்கு சார். அவளுக்குக் கண் தெரியாது. நான் எழுத்தாளன் சார், பையில பத்திரிகை இருக்கு, பாருங்க.”

வேறு வழியில்லாமல்தான் சொன்னேன். அவர் என் கட்டுரையைப் பொறுமையாகப் படித்தார். முடித்துவிட்டு, “கதை நல்லாத்தான் எழுதற. அக்கா நிஜமா இருந்தா வரச் சொல்லு” என்றார்.

“அவ வெளியே வரமாட்டா சார். ரெண்டு வருஷமா வர்றதில்லை.”

“அப்ப நீயும் இங்கயே இரு.”

பக்கத்து வீட்டு மாமியின் டெலிபோன் நம்பரைக் கொடுத்தேன். ஏட்டு பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெஞ்சில் எனக்கு இருந்தது இரண்டு பயம். அக்கா வராவிட்டால் லாக்கப். வந்தால், அவளைப் பற்றி நான் எழுதிய அந்தப் பத்திரிகை மேஜைமேல் விரித்தபடி கிடக்கிறது. எது பெரிய பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வராமல் இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்வேன், அடுத்த நிமிஷம் வாசலைப் பார்ப்பேன்.

நாலரை மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் அக்காவின் முழங்கையைப் பிடித்து இறக்கினார். “மூணு படி கீதும்மா, பாத்து வா.” மாமி கூட வரவில்லை, அக்காவே வேண்டாம் என்றுவிட்டாளாம். வீட்டில் கட்டும் வெளுத்த புடவை. காலில் என் பழைய ரப்பர் செருப்பு. அவளுடைய செருப்பு எங்கே என்று அவளுக்கே மறந்திருக்க வேண்டும். மூன்று படியையும் உதடசைய எண்ணி ஏறினாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கம்மா. உங்க தம்பி உங்களப் பத்தி எழுதியிருக்காராம். நான் படிக்கறேன், நிஜமான்னு மட்டும் சொல்லுங்க.”

“சார், வேண்டாம் சார்” என்றேன்.

“நீ சும்மா இரு.”

அவர் படித்தார், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி. பாதங்கள் தரையில் எழும்புவதைப் படித்தார். முதுகு வலி என்ற பொய்யைப் படித்தார். அப்புறம் இதையும் படித்தார்: “விருந்தாளிகள் வந்தால் அக்கா வாரப் பத்திரிகையைப் புரட்டுவாள். பல நாள் அது தலைகீழாக இருக்கும். நான் சொன்னதில்லை.”

மேஜை விளிம்பில் இருந்த அக்காவின் கை மடிக்குப் போயிற்று. முகம் என் பக்கம் திரும்பவில்லை. அதெல்லாம் இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். எனக்குக் கண் தெரியும், முதுகுதான் வலி, இவன் கண்டதையும் எழுதுவான் என்று சொல்லியிருந்தால் அவள் மானம் தப்பியிருக்கும். நான் உள்ளே போயிருப்பேன்.

“ஆமாம்” என்றாள். “எனக்குக் கண் தெரியாது. தலைகீழா இருந்தது எனக்குத் தெரியாது. மத்ததெல்லாம் உண்மை.”

இன்ஸ்பெக்டர் பத்திரிகையை மூடினார். கேசட்டைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டி அந்த மதிலைக் கேட்க வைத்தார். “இந்த அடிக் கணக்கு உங்களுக்காகத்தானா?”

“எனக்காகத்தான் எண்ணிண்டு போவான். ஆனா நான் கேட்ட வழி இது இல்லை.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை சந்தேகமாகப் பார்த்தவர் அப்போது வேறு மாதிரி பார்த்தார். சந்தேகமே தேவலை என்று இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, கேசட்டை மட்டும் வைத்துக்கொண்டு எங்களை அனுப்பினார்.

வாசலில், “அக்கா” என்று ஆரம்பித்தேன்.

“ஆட்டோ கூப்பிடு.”

“மாம்பலத்துக்குத்தானே?”

“லஸ்ஸுக்கு.”

மந்தைவெளி தாண்டியதும் கேட்டாள். “பெரியப்பா பொண்ணு வந்தாளே, அன்னிக்கும் தலைகீழாவா இருந்தது?”

“ஆமாம்.”

“அவ சிரிச்சாளா?”

“இல்லை. அழுதா. உனக்குத் தெரியக்கூடாதுன்னு வாயைப் பொத்திண்டா.”

அக்கா முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான்தான் அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

மருந்துக் கடைக்கும் கடிகாரக் கடைக்கும் நடுவே அந்த இருட்டுப் படி. மேலே பத்துப் பதினைந்து மெஷின்கள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், “ஒண்ணு” என்றேன்.

“நீ பேசாதே.”

முழங்கையை விடுவித்துக்கொண்டு சுவரில் கை வைத்தாள். ஏறினாள். திருப்பத்தில் இல்லாத ஒரு படிக்குக் காலைத் தூக்கித் தடுமாறினாள். என் கை நீண்டது, பாதியில் திரும்பிவிட்டது. அவளே நிதானித்துக்கொண்டு மீதியையும் ஏறினாள். நான் இரண்டு படி பின்னால் போனேன். மனசுக்குள் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மேலே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. “மேடம்!” என்று ஒரு பெண் ஓடி வந்தாள்.

“எனக்கு இப்போ கண் தெரியாதும்மா” என்றாள் அக்கா. வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொன்னாள். அப்புறம் நான் நிற்கும் படியின் பக்கம் தலையைத் திருப்பினாள். “இதை எழுதாதே.”

இத்தனை வருஷம் எழுதவில்லை. போன வாரம்தான் எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள். மாடிப்படி எத்தனை என்று எழுதியிருந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.